பிறகு வாருங்கள்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. அசந்து உட்கார்ந்தா டக்குனு ஒரு பக்கம் சாயும். இப்படி சோபாவுக்கு வாங்க. துணி கிடக்கேன்னு பார்க்காதீங்க, தள்ளிவிட்டுட்டு உட்காருங்க. துவைச்ச துணிதான், மடிக்கத்தான் ஆள் இல்ல.

நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். போன வாரம் அந்தக் கடிதமெல்லாம் உங்களுக்குப் போய்ச் சேர்ந்ததை லாக்ல பார்த்தப்பவே நினைச்சேன், இந்த மனுஷன் அடுத்த விமானத்தைப் பிடிச்சிடுவார்னு. அண்ணன் செத்து ஒரு மாசம் கழிச்சு, அவர்கிட்டேர்ந்து ஒரே காலையில ஒன்பது மெயில் வந்தா யார்தான் சும்மா இருப்பாங்க. உங்க சித்தப்பாவா இருந்தா பேய் ஓட்டறவனைத் தேடிப் போயிருப்பார். நீங்க படிச்சவர், பேயை நம்பமாட்டீங்க. நேரா அண்ணியைத் தேடி வந்துட்டீங்க.

கோபமா இருக்கீங்க. இருங்க, தப்பில்ல. நான் எல்லாத்தையும் வரிசையா சொல்லிடறேன். குறுக்கே மட்டும் பேசாதீங்க. வரிசை தப்பிட்டா எனக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கற பழக்கம், உங்க அண்ணனே அதுக்குப் பயந்துதான் என்கிட்ட குறுக்கே பேசாம இருந்தார்.

முதல்ல அந்த அலமாரியைப் பாருங்க. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல, கதவுல பாதி வெட்டி வலை அடிச்சிருக்கே, அதுக்குள்ள இருக்கறதுதான் நம்ம சர்வர். பழைய கம்ப்யூட்டர்தான், நம்ம மெயிலெல்லாம் இது வழியாத்தான் வரும், போகும். எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க இல்லையா, எனக்கு மெயில் விஷயத்துல அந்தக் கொள்கை. கல்லூரியில இருபது வருஷத்துக்கு மேல மெயில் சர்வர் பார்த்தவ நான். வேலையை விட்டு வந்தப்ப கை சும்மா இருக்கல. வீட்டுக்கே ஒன்னு போட்டேன். உங்க அண்ணனுக்கு ஒரு முகவரி, எனக்கு ஒன்னு, அப்புறம் உங்க சித்தப்பா, சித்தி, அவங்க பிள்ளைகள்னு கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். உங்களுக்கும் தர்றேன்னேன். 'எனக்கு வெளியிலயே இருக்கட்டும் அண்ணி'ன்னு சிரிச்சீங்க. ஞாபகம் இருக்கா. பரவாயில்ல.

தினம் காலையில டீயோட உட்கார்ந்து லாக் பார்ப்பேன். மத்தவங்க பேப்பர் படிக்கற மாதிரி. லாக்னா பெரிய வித்தையெல்லாம் இல்ல தம்பி, வாசல்ல வெச்சிருக்கற பதிவேடு. யார் வந்தாங்க, யாரைப் பார்க்க வந்தாங்க, எத்தனை மணிக்கு, உள்ள விட்டோமா, திருப்பி அனுப்பினோமா. கடிதத்துக்குள்ள என்ன இருக்குன்னு அது சொல்லாது. உறைக்கு மேல இருக்கறது மட்டும்தான். அடுத்தவங்க கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கற புத்தி எனக்குக் கிடையாது. அது அசிங்கம். நான் வேலை பார்த்த இடத்துல ஒருத்தன் அப்படிப் படிச்சு மாட்டிக்கிட்டான், அவனோட நான் ஆறு மாசம் பேசல.

உறையே போதும், ஆளைத் தெரிஞ்சுக்க. உங்க சித்தப்பாவுக்கு முடி முளைக்க வைக்கற கம்பெனிகள்லேர்ந்து மட்டும் ஒரு நாளைக்கு நாலு மெயில் வரும். அந்தத் தலையில இனிமே முடி முளைச்சா அது அதிசயம்தான், ஆனா மனுஷன் நம்பிக்கையை விடல. சித்தி எல்லா இலவசப் போட்டியிலயும் சேர்ந்திருக்காங்க. மிக்ஸி, சூட்கேஸ், தீவுச் சுற்றுலா. இன்னிவரைக்கும் ஒரு கரண்டிகூட வந்ததில்ல. இதெல்லாம் நான் யாருகிட்டயாவது சொன்னேனா? ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப உங்ககிட்ட சொல்றேன், ஏன்னா இன்னிக்கு எல்லாத்தையும் சொல்றதுன்னு ஆயிடுச்சு.

அப்புறம் ஒரு ஏற்பாடு. இதை நீங்க கவனமா கேக்கணும். முன்னப் பின்ன தெரியாத ஆள் மெயில் கொண்டு வந்தா, என் சர்வர் உடனே கதவைத் திறக்காது. 'பிறகு வாருங்கள்'னு சொல்லி அனுப்பும். ஒழுங்கான இடத்துலேர்ந்து வந்த மெயில்னா கொஞ்ச நேரம் கழிச்சுத் தானாவே திரும்ப வரும், அப்ப உள்ள விட்டுடும். குப்பை மெயில் அனுப்பறவன் திரும்ப வரமாட்டான். அவனுக்கு ஆயிரம் வாசல், ஒரு வாசல்ல நின்னு காத்திருக்க அவனுக்கென்ன தலையெழுத்தா. இது நான் கண்டுபிடிச்சதில்ல, ரொம்பப் பேர் செய்யற ஏற்பாடுதான். ஆனா எனக்கு இதுமேல ஒரு தனிப் பிரியம். வேணும்கறவன் திரும்ப வருவான். மனுஷங்களுக்கும் இதைவிட நல்ல சோதனை இருக்கா, நீங்களே சொல்லுங்க.

வேண்டாம், சொல்ல வேண்டாம். நானே தொடர்றேன்.

சண்டை உங்க ரெண்டு பேருக்கும். அதுல எனக்குப் பங்கே இல்லைங்கறதை முதல்ல ஒத்துக்கணும். உங்க அப்பா வளர்த்த அந்தக் கிழட்டு நாய், கண்ணும் தெரியாம, எழுந்து நிக்கவும் முடியாம கிடந்துச்சு. உங்க அண்ணன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்த நேரத்துல நீங்க அதை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போய் ஊசி போட்டு முடிச்சிட்டு வந்துட்டீங்க. நல்ல எண்ணம்தான். சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம். அவர் வந்தார், வெறும் சங்கிலியைப் பார்த்தார். உங்களைப் பார்த்து 'கொலைகாரா'ன்னு சொல்ல ஆரம்பிச்சார். பாவம், கோபம் வந்தா அவருக்குத் திக்கல் இன்னும் அதிகமாகும் இல்லையா. கொ, கொ, கொன்னு நிக்கறார், வார்த்தை வர மாட்டேங்குது. நீங்களும் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு, அவர் சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுமையா நின்னீங்க. முடிச்சதும் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க. திட்டறவன் திட்டி முடிக்கக் காத்திருந்த ஒரே தம்பி நீங்கதான். இப்ப நினைச்சாலும் எனக்குச் சிரிப்பு வருது. மன்னிச்சுக்குங்க.

ரெண்டு பேரும் போன்ல பேசிக்கற வழக்கமே இல்ல. அவருக்கு போன்னாலே ஆகாது, எதிர்ப்பக்கம் ஆள் மூச்சுவிடறதைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கும். சின்ன வயசுலேர்ந்து நீங்க வாயால சண்டை போட்டு, எழுத்தால சமாதானம் ஆவீங்கன்னு சொல்லியிருக்கார். துண்டுச்சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில தள்ளுவீங்களாம். பெரியவங்க ஆனதும் கதவு மாறிடுச்சு. கதவு என் அலமாரிக்கு வந்துடுச்சு.

அந்த வாட்ச்மேன் பேச்சாலதான் நான் இப்படிச் செஞ்சேன்னு நீங்க நினைப்பீங்க. நினைக்காதீங்க. அதை நான் அன்னிக்கே மறந்துட்டேன். சித்தப்பா வீட்டுல, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், நீங்க நீலக் கோடு போட்ட சட்டை, முழங்கை வரைக்கும் மடிச்சிருந்தீங்க, கையில தண்ணி டம்ளர். 'அண்ணி வீட்டுக்குள்ள ஒரு கொசு நுழையணும்னாலும் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். அண்ணனுக்குக் கிடைச்சது பொண்டாட்டி இல்ல, வாட்ச்மேன்'னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சித்திக்குப் புரையேறிடுச்சு. சிரிக்கட்டும், சபைன்னா நாலு பேர் சிரிக்கத்தான் செய்வாங்க. உங்க அண்ணனும் சிரிச்சார். சிரிக்கறதுல மட்டும் அவருக்குத் திக்கல் வராது. ஒரே மூச்சுல, தலையைப் பின்னால சாய்ச்சு, தெளிவா சிரிச்சார். கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஒரு தடவைகூட அவரை அப்படிச் சிரிக்க வெச்சதில்ல. சரி, அது பழைய கதை.

நாய்ச் சண்டை முடிஞ்சு சில வாரம் கழிச்சு ஒரு காலையில லாக்ல உங்க பேரைப் பார்த்தேன். நீங்க புது வேலைக்கு மாறியிருந்தீங்க போல, முகவரியும் புதுசு. என் சர்வருக்கு முன்னப் பின்ன தெரியாத ஆள், வழக்கம்போல 'பிறகு வாருங்கள்'னு சொல்லியிருந்துச்சு. அதை நான் செய்யல பாருங்க, மெஷின் அதுவா செஞ்சது. கால் மணி நேரத்துல நீங்க திரும்ப வருவீங்க, கதவு திறக்கும், உங்க அண்ணன் படிப்பார், அழுவார், அப்புறம் உங்களைக் கூப்பிடச் சொல்லுவார். நீங்க வருவீங்க, சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு. எனக்கு இதெல்லாம் வரிசையா கண்ணு முன்னாடி ஓடுச்சு. டீ ஆறிப் போச்சு. நான் சர்வர் விதிகள்ல ஒரே ஒரு வரி சேர்த்தேன். உங்க முகவரிக்கு மட்டும், பழசோ புதுசோ, எப்ப வந்தாலும் 'பிறகு வாருங்கள்'.

வராதீங்கன்னு சொல்லல தம்பி. கவனிக்கணும். வராதீங்கன்னு சொல்றதுக்கும் என்கிட்ட வழி இருக்கு, இங்க அப்படி ஒருத்தரே இல்லைன்னு சொல்றதுக்கும் வழி இருக்கு. அதையெல்லாம் நான் தொடல. உங்க மெயிலைக் கொண்டு வர்ற சர்வர் நாலஞ்சு நாள் தட்டிப் பார்த்துட்டு, முடியலன்னு உங்களுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கும். அதுலயும் என் வாசகம் அப்படியே இருந்திருக்கும். பிறகு வாருங்கள். அண்ணன் கதவைச் சாத்திட்டார்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டா அதுக்கு சர்வர் என்ன செய்யும்.

ஒரு தடவை போனும் பண்ணினீங்க. 'தூங்கறார், எழுந்ததும் சொல்றேன்'னேன். நிஜமாவே தூங்கிட்டிருந்தார். எழுந்ததும் சொல்றேன்னுதான் சொன்னேன், எந்தத் தூக்கத்துலேர்ந்து எழுந்ததும்னு சொல்லல.

உங்க அண்ணனும் சும்மா இருக்கல. ரெண்டு விரலால தட்டித் தட்டி, நீங்க இன்னும் மூடாத அந்தப் பழைய முகவரிக்கு எழுதுவார். ஒரு கடிதத்துக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமை ஆகும். அதுக்கும் ஒரு வரி போட வேண்டியதாயிடுச்சு. அவர் எழுதி அனுப்பினது வெளிய போகாம, சர்வருக்குள்ளயே ஒரு பக்கமா நிக்கும். நிறுத்தி வெச்ச வரிசைன்னு ஒன்னு இருக்கு, அதுல எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம், கெட்டுப் போகாது. ஒன்னைக்கூட நான் அழிக்கல. பிரிச்சும் பார்க்கல. அடுத்தவங்க கடிதத்தை அழிக்கறது குற்றம்னு எனக்குத் தெரியாதா. நான் பத்திரமா வெச்சிருந்தேன், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் தினம் காலையில எழுந்ததும் அவர் கேக்கற முதல் கேள்வி, 'வ... வந்துச்சா?' நான் சொல்லுவேன், 'ஒன்னும் வரலங்க'. உண்மைதானே. வாசல்லயே நின்னு திரும்பிப் போனது வந்த கணக்குல வருமா? வராது. லாக்லயே அது வேற மாதிரிதான் பதிவாகும். நான் பொய் சொல்லமாட்டேன்னு உங்க அண்ணன் ஊர் முழுக்கப் பெருமை பேசுவார், உங்ககிட்டயும் சொல்லியிருப்பார். 'அவ வாயில பொ... பொய் வராது'. அந்தப் பேரைக் கெடுத்துக்க எனக்கு இஷ்டமில்ல.

ஒரு நாள் அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. என்மேல இல்ல, சர்வர்மேல. 'உன் மெ... மெஷின் சரியாத்தான் வேலை செய்யுதா?'ன்னார். எனக்கு அது கொஞ்சம் சுருக்குனு இருந்துச்சு. வாங்கன்னு கூட்டிட்டுப் போய் ஸ்க்ரீன்ல லாக்கைத் திறந்து காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற ஆள் நான் இல்ல. எல்லாம் அங்கதான் இருந்துச்சு. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டினவர், தன் கண்ணாடியை எங்க வெச்சோம்னு தேடியே பாதி ஆயுசைக் கழிச்சவர், அன்னிக்கும் கண்ணாடி இல்லாமத்தான் வந்து நின்னார். கண்ணைச் சுருக்கிக்கிட்டே பார்த்தார். விரலை ஒரு வரிமேல வெச்சார். 'இது த... தம்பி பேர் மாதிரி இருக்கே.'

இருந்துச்சு. உங்க பேர்தான். அன்னிக்குக் காலையிலதான் வந்து திரும்பியிருந்தீங்க.

'குப்பை மெயில் அனுப்பறவங்க தெரிஞ்சவங்க பேர்லதாங்க வருவாங்க'ன்னேன். பொதுவா சொன்னேன். அது உலகமறிஞ்ச உண்மை, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவர் அந்த வரிமேல வெச்ச விரலால உங்க பேரை ஒரு தடவை தடவினார். அப்புறம், 'அவன் பேரைக்கூட வி... விட்டு வெக்க மாட்டேங்கறானுங்க'ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டார். ஸ்க்ரீன்ல அவர் விரல் ரேகை இருந்துச்சு. துடைச்சேன். அடிக்கடி துடைக்கற ஸ்க்ரீன்தான்.

அப்புறம் நெஞ்சுல சளின்னு ஆரம்பிச்சுச்சு. சளி இல்லைன்னு சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. நுரையீரல். டாக்டர் பேச்சை இழுத்தார், நான் 'நேரா சொல்லுங்க'ன்னேன், சொன்னார். சித்தப்பா வீட்டுக்கெல்லாம் சளின்னே இருக்கட்டும்னு உங்க அண்ணன்தான் சொன்னார். பார்க்க வர்றவங்க முன்னாடி மூச்சும் வாங்கி, திக்கவும் திக்கினா தனக்கு அசிங்கமா இருக்கும்னார். அதுக்கு நான் காரணம் இல்ல. ஆனா உங்களுக்கு மட்டும் சொல்லணும்னு தானே எழுதினார். அந்தக் கடிதமும் மத்ததோட போய் நின்னுச்சு.

இதைச் சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்க, இருந்தாலும் சொல்றேன். அந்த மாசங்கள் எனக்கு நல்லா இருந்துச்சு. கடையை மூடிட்டார். நாள் முழுக்க வீட்டுல. கண்ணு முழிச்சதும் தேடற முதல் ஆள் நான். 'வந்துச்சா'ன்னு கேக்கறதுக்காகவாவது என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்துல என் வாயிலேர்ந்து வர்ற ஒரு வார்த்தைக்காக அவர் அப்படிக் காத்திருந்ததில்ல.

அவர் பிறந்தநாள் அன்னிக்கு நீங்க மறுபடி வந்தீங்க. ரொம்ப நாள் இடைவெளிக்கு அப்புறம். அவர் அன்னிக்கு எழுந்ததும், 'இ... இன்னிக்காவது'ன்னார். முழுசா கேக்கக்கூட இல்ல. நான் கேக் வாங்கியிருந்தேன். அவரால ஒரு வாய்க்கு மேல முழுங்க முடியல. அங்க லாக்ல உங்க சர்வர் நாலு நாள் விடாம கதவைத் தட்டுது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எனக்கே மனசு இளகிடுச்சு தம்பி, சத்தியமா. இன்னும் ஒரு நாள் தட்டியிருந்தா திறந்திருப்பேன்னு நினைக்கறேன். அஞ்சாம் நாள் வரல. பாருங்க, அதுக்குத்தான் சோதனை வெக்கறது.

கடைசியில அவரால கை தூக்க முடியல. என்னைப் பக்கத்துல உட்கார வெச்சு, சொல்லச் சொல்ல எழுதுன்னார். அந்த ஒரு கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா என் கையால அடிச்சது. ஒரு எழுத்துகூட மாத்தல. நாய் விஷயத்துல நீ செஞ்சதுதான் சரின்னார். அது வலியில முனகறதை ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டு, ஒன்னும் செய்யத் தைரியம் இல்லாம போர்வையை இழுத்து மூடிப் படுத்தவன் நான்னார். செய்ய வேண்டியதை நீ செஞ்சே, அதுக்கு உன்னைத் திட்டினேன்னார். ஒரு தடவை வந்துட்டுப் போடான்னார். 'டா' போட்டு அடின்னு அழுத்திச் சொன்னார். போட்டேன். அனுப்பற பட்டனை அவரே அழுத்தணும்னு ஆசைப்பட்டார், விரலைப் பிடிச்சு அழுத்த வெச்சேன். போயிடுச்சான்னு கேட்டார். இங்கேர்ந்து போயிடுச்சுங்கன்னேன். கட்டில்லேர்ந்து அலமாரிக்குப் போயிருந்துச்சு.

நீங்க ஏன் அழறீங்கன்னு புரியுது. அதைத்தான் நீங்க போன வாரம் படிச்சுட்டீங்களே. தேதி பார்த்திருப்பீங்க.

வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்துட்டிருந்தாங்க. நல்ல பொம்பளை, வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் என்னைச் சமையல்கட்டுக்குத் தள்ளிட்டுப் போய், 'அம்மா, இவர் யாருக்கோ உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கார். இந்த உடம்புல இத்தனை நாள் இருக்கவே முடியாது. அந்த ஆளை ஒரு தடவை வரச் சொல்லுங்க, நிம்மதியாப் போகட்டும்'னாங்க.

அப்பவாவது அந்த வரிகளை எடுத்திருக்கலாமேன்னு கேக்கறீங்க. எடுத்திருக்கலாம். ரெண்டு வரிதான், ஒரு நிமிஷ வேலை. ஆனா எடுத்தா என்ன ஆகும், யோசிங்க. எல்லாக் கடிதமும் ஒன்னா உங்களுக்கு வரும். நீங்க ஓடி வருவீங்க. 'நானும் எழுதினேனே அண்ணா'ம்பீங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பீங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்ப்பீங்க. சாகப் போற மனுஷன் கடைசியா என்னை அந்தப் பார்வை பார்க்க வேண்டாம்னு நினைச்சேன். அவருக்காகத்தான். அந்த நேரத்துல அவருக்கு எதுக்கு அந்த வேதனை.

ஆனா நர்ஸ் சொன்னது மனசுல தைச்சிடுச்சு. நானும் கல்நெஞ்சுக்காரி இல்ல. அதனால உங்க பதிலை நானே எழுதினேன்.

உட்காருங்க தம்பி. இன்னும் முடியல.

சொந்த சர்வர்ல யார் பேர்ல வேணும்னாலும் மெயில் வர வைக்கலாம், எனக்கு அது ஒரு டீ போடற நேரம். உங்க பேர், உங்க முகவரி, தேதி, எல்லாம் கச்சிதமா. நீங்க எழுதற மாதிரியே சின்னதா. 'அண்ணா, கடிதம் கிடைச்சது. இப்ப வேலை நெருக்கடி. பிறகு வர்றேன்.' இவ்வளவுதான். பாசமா நாலு வரி சேர்த்திருக்கலாம், ஆனா நீங்க சொல்லாததை நீங்க சொன்னதா எழுத எனக்கு மனசு வரல. அது பொய்யாயிடும்.

அன்னிக்குக் காலையில 'வ... வந்துச்சா'ன்னார். 'வந்துச்சுங்க'ன்னேன். அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும். மூணு தடவை படிக்கச் சொன்னார். மூணாவது தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். அப்புறம், 'பி... பிறகுன்னா எப்போ?'ன்னார். 'பிறகுன்னா பிறகுதாங்க'ன்னேன். தலையாட்டிக்கிட்டார்.

அப்புறம் அந்த நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். கட்டில் பக்கத்துல, கதவைப் பார்த்த மாதிரி போடச் சொன்னார். சின்ன வயசுல நீங்க அதுமேல ஏறிக் குதிச்சு ஒடிச்ச காலாமே அது. அப்பாவுக்குத் தெரியாம அவர்தான் ஒட்டி வெச்சாராம், கொஞ்சம் குட்டையாப் போச்சாம். விழுந்துடுவாங்கன்னு சொன்னேன். 'அவன் ஒ... ஒடிச்சதுதானே, எப்படி உட்காரணும்னு அவனுக்குத் தெரியும்'னார். நர்ஸ் அசதியில ஒரு தடவை அதுல உட்காரப் போனாங்க. பேச்சே நின்னுபோன மனுஷன், எங்கேர்ந்துதான் பலம் வந்துச்சோ, கையைத் தூக்கி வேண்டாம்னு காட்டினார். நிம்மதியாப் போவார்னு அந்த நர்ஸ் சொன்னாங்க இல்லையா, அது நடக்கல. உங்க பதில் வந்தப்புறமும் ரொம்ப நாள் இழுத்துக்கிட்டுக் கிடந்தார். பிறகு வர்றேன்னு எழுதியிருந்தீங்களே, அதனால. கண்ணு கதவுமேலயே இருந்துச்சு. நானா முடிச்சு வெக்க வேண்டியிருந்துச்சு.

அப்படிப் பார்க்காதீங்க. கையால ஒன்னும் செய்யல. ஒரு சாயங்காலம் காதுகிட்ட போய், 'உங்க தம்பி திரும்ப எழுதியிருக்கார், அவரால வர முடியலையாம்'னு சொன்னேன். அவ்வளவுதான். வாய்ப் பேச்சுதான், எழுத்துல எதுவும் இல்ல. நாய்க்கு நீங்க போட்ட மாதிரி ஒரு ஊசின்னு வெச்சுக்குங்களேன். விடியறதுக்குள்ள போயிட்டார்.

சித்தப்பா தகவல் சொல்லியும் நீங்க காரியத்துக்கு வரல. வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், அண்ணன் உங்க முகத்துல முழிக்கவே விரும்பலன்னு நீங்க நம்பிட்டீங்க. சித்தப்பா உங்களைத் திட்டினார். நான்தான் அவரை அடக்கினேன். 'அவருக்கு என்ன கஷ்டமோ, விடுங்க'ன்னேன்.

கடிதங்கள் எப்படி வந்துச்சுன்னுதானே உங்க கேள்வி. நான் மனம் திருந்தி அனுப்பல, கை தவறியும் அனுப்பல. ஒருத்தர் கணக்கை மூடறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல அவருக்காகப் போட்ட தனி விதிகளை எடுக்கணும், நிறுத்தி வெச்சது ஏதாவது இருந்தா விடுவிக்கணும், அப்புறம்தான் பெட்டியைப் பூட்டணும். கல்லூரியில எத்தனை பேர் கணக்கை மூடியிருப்பேன். செத்தவங்க மெயில் வரிசையில கிடந்தா சர்வர் அசிங்கமாயிடும். எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சேன். ஒன்னொன்னா போச்சு. ஒவ்வொரு மெயிலும் எவ்வளவு தாமதமாப் போச்சுங்கறதை லாக் விநாடிக் கணக்குல பக்கத்துலயே போட்டுடும். அவ்வளவு நீளமான எண்ணை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. நிறைய விநாடி இருந்திருக்கு உங்களுக்கு, ரெண்டு பேருக்கும்.

என்ன, எழுந்துட்டீங்க. போலீசுக்குப் போறதுன்னா போங்க, நான் இங்கதான் இருப்பேன். லாக்கை நான் அழிக்கல, ஒரு நாள் லாக்கூட விட்டுப்போகல. கேட்டா எடுத்துக் குடுப்பேன். யார் வந்தாங்க, யார் திரும்பிப் போனாங்க, எல்லாம் இருக்கு.

ஓ, அதுல உட்காரப் போறீங்களா. பார்த்து. இடது பக்கம் சாயும்.

அட, சாயலையே. அவர் சொன்னது சரிதான் போல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அழுங்க, நல்லா அழுங்க. நானும் அழுதேன்தான். ஆனா ஒன்னை மட்டும் நீங்க ஒத்துக்கணும் தம்பி. பிறகு வர்றேன்னு உங்க பேர்ல எழுதினேன். இதோ, வந்துட்டீங்க. உங்க அண்ணன்கிட்ட எழுத்துல நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்ல.